அண்ணன் பெயரில் பத்திரம், நால்வர் பணத்தில் மனை: நேர்மை நெறி எதுவரை துணை வரும்?

ஒருபோகம் (மேலூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா 1998-இல் உயில் எழுதாமல் காலமானார். மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில், அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நஞ்சை இருந்தது. அம்மா, அண்ணன், அக்கா, நான் என வாரிசுகள் நால்வர். 2011-இல் நாங்கள் மூவரும் அண்ணனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தோம். அவர் அந்த நஞ்சையை விற்று, வந்த பணத்தில் ஒத்தக்கடைக்கு அருகே பதினான்கு சென்ட் மனை வாங்கினார். கிரயப் பத்திரம் அவர் பெயரில் மட்டும் ஆனது. "நாலு பேரும் ஒவ்வொரு தடவையும் பதிவு ஆபீசுக்கு அலைய வேண்டாம், இடம் எல்லாருக்கும் பொதுதான்" என்றார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது அதை வெளியார் ஒருவருக்கு விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிவிட்டதாகத் தெரிகிறது. கேட்டால், "பத்திரத்தில் உன் பெயர் எங்கே இருக்கிறது, காட்டு" என்கிறார்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் 2011-ஆம் ஆண்டின் சிவப்பு அட்டை டைரி கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பில், அண்ணனின் கையெழுத்தில், நீல மையால் "ஒத்தக்கடை இடம்" என்று இருக்கிறது. கீழே கிரயத் தொகை, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, அன்று வாங்கிய சாப்பாட்டுக் காசு உட்பட எல்லாவற்றையும் கூட்டி, நான்கால் வகுத்து, ஒவ்வொரு பங்குக்கும் நேராக எங்கள் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார். பினாமிச் சட்டம் வந்த பிறகு இப்படியெல்லாம் உரிமை கேட்கவே முடியாது என்று ஊரில் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

தல்லாகுளம்

அம்மா, முப்பத்து நான்கு ஆண்டுகள் உரிமையியல் வழக்குகளையே நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் கேட்கும் கேள்வி பழைய இங்கிலாந்தில் கேட்கப்பட்ட அதே கேள்விதான். அங்கே அரசரின் பொதுச்சட்ட நீதிமன்றங்கள் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே உடையவராகக் கண்டன. இன்னொருவர் நன்மைக்காக வைத்திருப்பதாகச் சொல்லி நிலத்தை வாங்கியவர் பிறகு கைவிரித்தால், பாதிக்கப்பட்டவருக்கு அங்கே வழி இல்லை. அவர்கள் அரசரின் உயர் அதிகாரியான சான்சலரிடம் மனுக் கொடுத்தார்கள். சான்சலர் பத்திரத்தைக் கிழிக்கவில்லை, "உடைமை உன்னுடையதுதான், ஆனால் அதை உன் மனச்சான்று கட்டுப்படுத்துகிறது, இன்னாருக்காகவே நீ அதை வைத்திருக்க வேண்டும்" என்று அந்த ஆளுக்குக் கட்டளையிட்டார். நேர்மை நெறி என்று சட்டத் தமிழில் நாம் சொல்லும் ஈக்விட்டியின் வேர் இதுதான். டிரஸ்ட் என்ற நம்பிக்கைப் பொறுப்பும் இதிலிருந்து முளைத்ததே. 1615-இல் இரு வகை நீதிமன்றங்களும் மோதிக்கொண்டபோது முதலாம் ஜேம்ஸ் மன்னர் சான்சலர் பக்கம் நின்றார். 1873, 1875-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இரண்டும் ஒரே நீதிமன்ற அமைப்பாயின.

நம் நாட்டில் தனியாக ஒரு சான்சரி நீதிமன்றம், அதாவது சான்சலரின் நீதிமன்றம், வேரூன்றவில்லை. குறிப்பிட்ட விதி இல்லாத இடத்தில் நீதி, நேர்மை, நல்ல மனச்சான்று ஆகியவற்றின்படி தீர்க்க வேண்டும் என்று 1873-ஆம் ஆண்டின் மதராஸ் உரிமையியல் நீதிமன்றச் சட்டமே மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சொன்னது. பிறகு அந்த மனச்சான்றின் பெரும்பகுதி பிரிவு எண்களாக எழுதப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே "இது அநியாயம்" என்று மட்டும் பிராதில் எழுதினால் போதாது. எந்தப் பிரிவில் அந்த நியாயம் குடியிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

உங்களுக்கு அது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தில், 88, 90 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. பிறர் நலனைக் காக்கக் கடமைப்பட்ட முகவர் அந்த நிலையைப் பயன்படுத்தித் தமக்கென ஒரு ஆதாயம் அடைந்தால், அதை அந்தப் பிறருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது 88. கூட்டு உடைமையாளரைப் பற்றி ஏறத்தாழ அதையே 90 சொல்கிறது. உங்கள் அண்ணன் பவர் ஏஜெண்டும் ஆவார், கூட்டு உடைமையாளரும் ஆவார். இரண்டு கதவும் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

யானைமலை

சட்டக் கல்லூரி மாணவன் நான். ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அதே டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அசையாச் சொத்தின் மீதான டிரஸ்ட் எழுத்தில் இருந்து பதிவாகியிருக்க வேண்டும் அல்லது உயிலில் இருக்க வேண்டும் என்கிறதே. டைரிப் பக்கம் பதிவான ஆவணம் ஆகாது. அடுத்து, 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம், 4-ஆம் பிரிவில், பினாமிச் சொத்தை உண்மையான உடைமையாளர் என்று கூறி மீட்கும் வழக்குக்கே தடை போடுகிறது. டிரஸ்ட் சட்டத்தின் 82-ஆம் பிரிவு, விலையைக் கொடுத்தவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு என்றால் பெயருடையவர் பணம் தந்தவருக்காக வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தது. பினாமிச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. மேலூர் அக்காவின் வழக்கு இந்த இரண்டு பாறைகளுக்கும் இடையே எப்படிக் கடந்து போகும்?

தல்லாகுளம்

தம்பி, கேட்க வேண்டிய கேள்விகளையே கேட்டிருக்கிறீர்கள்.

5-ஆம் பிரிவின் கடைசி வரி வரை படியுங்கள். மோசடிக்குத் துணைபோகும் விதத்தில் அமையுமானால் இந்த விதிகள் பொருந்தா என்று அதே பிரிவு முடிகிறது. எழுத்து வேண்டும் என்ற விதியே ஏமாற்றுபவனின் கையில் ஆயுதமாகிவிடக் கூடாது என்பது சான்சலரின் பழைய பிடிவாதம். அது அந்த ஒரு வரியில் உயிரோடு இருக்கிறது. மேலும் 88, 90 பிரிவுகளின் கீழ் வருவது யாரும் எழுதி உண்டாக்கிய டிரஸ்ட் அல்ல, சட்டமே சுமத்தும் கடமை. அதற்கு எழுத்துத் தேவை இல்லை.

பினாமியைப் பொறுத்தவரை, 2011-இல் இருந்த சட்டத்தின்படியே, சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்து அதை மற்றவர் நன்மைக்காக வைத்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது. 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும் அந்த விலக்கை வேறு சொற்களில் தக்கவைத்திருக்கிறது. 2012-இல் மார்செல் மார்ட்டின்ஸ் வழக்கில், தாயின் மறைவுக்குப் பின் ஒரு மகன் பெயரில் வாங்கப்பட்ட சொத்துக்குக் குடும்பத்தின் மற்றவர்களும் பணம் தந்திருந்த நிலையில், அந்த மகன் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தார் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரத்த உறவு ஒன்றினாலேயே இந்த நிலை வந்துவிடாது என்பதை மறக்கக் கூடாது. நம்பி ஒப்படைத்த செயல் ஒன்று வேண்டும். மேலூர் அம்மாவுக்கு அந்தச் செயல் பதிவான அதிகாரப் பத்திரத்திலேயே இருக்கிறது. ஊரில் சொன்னவர் சட்டத்தின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

மாசிவீதி

மேலமாசி வீதியில் கடை வைத்திருக்கிறேன். வாங்குபவரின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுக்கிறோம், மூலப் பத்திரம் பார்க்கிறோம், வக்கீலிடம் கருத்துரை வாங்குகிறோம். அதற்குப் பிறகும் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் டைரி எங்களைக் கட்டுப்படுத்தும் என்றால் யார்தான் நிலம் வாங்க முடியும்? பணத்தை முழுதாகக் கொடுத்தவனுக்கு மனச்சான்றின் பெயரால் நஷ்டம் வருவது எந்த நேர்மை?

தல்லாகுளம்

உங்கள் கவலையை நேர்மை நெறி எப்போதுமே மதித்திருக்கிறது. மதிப்புள்ள விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முந்தைய உரிமையை அறியாமல் வாங்கியவர் மீது அது கைவைப்பதில்லை. ஆனால் "அறியாமல்" என்ற சொல்லின் எடை அதிகம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, நேரில் அனுபவத்தில் இருப்பவருக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார். அதனால்தான் என்னிடம் கருத்துரைக்கு வந்தவர்களை எல்லாம், "பத்திரத்தைப் பார்த்தது போதும், மனையில் போய் நின்று அங்கே யார் குடியிருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மேலூர் அம்மா, அந்த மனையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

ஒருபோகம் (மேலூர்)

அக்கா இருக்கிறார் ஐயா. 2014-இல் அத்தான் இறந்த பிறகு, அண்ணனே முன்னின்று ஒரு மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு இரண்டு அறை கட்ட வைத்தார். மின் இணைப்பு அக்கா பெயரில் இருக்கிறது. வாடகை என்று ஒரு பைசா கொடுத்ததும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. வாங்க இருப்பவர் ஒரு முறை வந்து தெருவில் நின்றே இடத்தைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

யானைமலை

அப்படியானால் அந்த இரண்டு அறைகள் டைரிப் பக்கத்தைவிடப் பெரிய சாட்சி. தாம் மட்டுமே உடைமையாளர் என்று நினைப்பவர் வாடகையும் ஒப்பந்தமும் இல்லாமல் தங்கையை வீடு கட்ட விட்டு, மின் இணைப்பையும் அவர் பெயரில் வாங்க விட மாட்டார். வாங்குபவருக்கும் அந்தக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய கடமை இருந்தது. மாசிவீதி அண்ணன் கேட்டதற்குப் பதில் அந்தத் தெருவிலேயே கிடைக்கிறது.

மாசிவீதி

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. என் பட்டறிவையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கட்டிடத்துக்கு ஆறு மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தேன். சரக்கில் பணம் முடங்கியதால் மீதித் தொகையைக் கெடுவுக்குள் திரட்ட முடியவில்லை. விற்பவர் நல்ல மனிதர், பொறுப்பார் என்று இருந்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து நோட்டீஸ் விட்டபோது விலை இரண்டு மடங்காகியிருந்தது. ஒப்பந்தப்படியே கிரயம் எழுதித் தரும்படி, அதாவது ஏற்றதை ஆற்றக் கோரி, வழக்குப் போட்டேன், தோற்றேன். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மாற்றுப் பரிகாரத்தையும் என் வக்கீல் பிராதில் கேட்டு வைத்திருந்ததால் அது மட்டும் வட்டியோடு கிடைத்தது. கெடு தாண்டினாலும் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டால் போதும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

தல்லாகுளம்

அந்த மூன்று வருட நம்பிக்கையை உடைத்ததே ஒரு மதுரை வழக்குதான். 1978-இல் மதுரையில் ஒரு வீட்டை அறுபதாயிரம் ரூபாய்க்குப் பேசி, ஐயாயிரம் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்தார்கள். வாங்க இருந்தவர் இரண்டரை ஆண்டுகள் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டுப் பிறகு வந்தார். வைரவன் வழக்கு என்று நாங்கள் சொல்லும் அதில், 1997-இல் உச்ச நீதிமன்றம் பரிகாரம் தர மறுத்தது. நகரச் சொத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், கெடுவுக்குப் பொருளே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டவருக்கு நேர்மை நெறியின் பரிகாரம் உரியதல்ல என்பதே அதன் சாரம். காலவரையறைச் சட்டம் மூன்றாண்டு தருகிறது. ஆனால் தூங்கியவருக்கு அந்த மூன்றாண்டும் முழுதாகக் கிடைப்பதில்லை.

2018 அக்டோபர் 1 முதல், இத்தகைய வழக்குகளுக்கு உரிய குறித்த பரிகாரச் சட்டம் திருத்தப்பட்டு, முன்பிருந்த நீதிமன்ற விருப்புரிமை பெருமளவு குறைக்கப்பட்டது. ஆயினும், தாம் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாதி மெய்ப்பிக்க வேண்டும் என்ற 16-ஆம் பிரிவின் கோரிக்கை நீங்கவில்லை. வங்கிக் கணக்கில் பணம் இருந்ததைக் காட்ட முடியாதவர் இன்றும் அங்கேதான் வழுக்கி விழுகிறார்.

யானைமலை

ஐயா, இங்கிலாந்தில் கிரய ஒப்பந்தம் ஆனதுமே வாங்குபவர் நேர்மை நெறியின் கண்ணில் உடையவர் ஆகிவிடுவார் என்று வகுப்பில் படித்தோம். நம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று நேர் எதிராகச் சொல்கிறது. ஆனால் 40-ஆம் பிரிவின் உதாரணத்தில், சுல்தான்பூரை ஒருவருக்கு விற்பதாக ஒப்புக்கொண்டவர், அதை அறிந்த வேறொருவருக்கு விற்றுவிட்டால், முதலாமவர் அந்த இரண்டாமவர் மீதே ஒப்பந்தத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஒரு கையால் பறித்ததை மறு கையால் திருப்பித் தருவதுபோல் எனக்குத் தோன்றியது.

தல்லாகுளம்

அப்படிப் பார்க்க வேண்டாம். ஒரே நிலத்துக்குச் சட்ட உடையவர் ஒருவர், நேர்மை உடையவர் ஒருவர் என்ற இரட்டை உடைமையை இந்தியச் சட்டம் ஏற்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே இதுதான் நிலை. இங்கே உடைமை ஒருவரிடமே இருக்கும்; மற்றவருக்கு இருப்பது அந்த உடைமையோடு ஒட்டிய கடமையைக் கேட்டு வாங்கும் உரிமை. அந்தக் கடமை, அறிந்து வாங்கியவரோடும் கூடவே போகும். அதனால்தான் அப்படிப்பட்ட வழக்கில், பின்னால் வாங்கியவரும் சேர்ந்து வாதிக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாணை அமைக்கும் வழக்கம் வந்தது. 1953-இல் துர்கா பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வடிவத்தை உறுதிப்படுத்தியது.

மண்டகப்படி

இதையொட்டி ஒரு சிறு சந்தேகம். எங்கள் சமூகத்தார் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு மண்டகப்படி நடத்த ஒரு நிலத்தை முன்னோர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிலத்தின் உடையவர் யார், சாமியா, எங்கள் பெரியவர்களா?

தல்லாகுளம்

சாசனத்தின் சொற்களைப் பொறுத்தது ஐயா. நிலத்தையே முழுதாக இறைவனுக்கு அர்ப்பணித்திருந்தால் உடையவர் தெய்வம். நிர்வகிப்பவர் நிர்வாகி மட்டுமே. 1921-இல் நம் மாகாணத்திலிருந்து போன ஒரு மடத்து வழக்கில், மடாதிபதி ஆங்கிலேயப் பொருளில் டிரஸ்டி அல்லர் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. நிலம் குடும்பத்தாருடையதாகவே இருந்து, அதன் வருமானத்தில் மண்டகப்படிச் செலவு மட்டும் பொறுப்பாகச் சுமத்தப்பட்டிருந்தால் கதை வேறு. சாசன நகலை எடுத்த பிறகு தனி இழை தொடங்குங்கள்; இங்கே அதைப் பாதியில் பேசுவது முறையாகாது.

உசிலை

என் கேள்வி இந்த இழைக்கு உரியதுதான் என்று நினைக்கிறேன். 1974-இல் என் தாத்தா தொண்ணூறு சென்ட் புஞ்சையை நாலாயிரம் ரூபாய்க்குப் பதிவான ஒத்திப் பத்திரம் எழுதி அனுபவத்தோடு கொடுத்தார். கெடு எதுவும் எழுதவில்லை. ஒத்தி வாங்கியவரின் மகன், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் சமயத்திலேயே பட்டா தங்கள் பெயருக்கு வந்துவிட்டது, முப்பது வருடமும் கடந்துவிட்டது, இனி மீட்க முடியாது என்கிறார்.

யானைமலை

உசிலை அண்ணா, நேர்மை நெறி நில உடைமைக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இந்த மீட்புரிமைதான் என்று நான் நினைக்கிறேன். கடனுக்காகக் கொடுத்த நிலம் எவ்வளவு காலமானாலும் கடனுக்கான பிணையாகவே இருக்கும். மீட்பைத் தடுக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது. காலவரையறைச் சட்டம் மீட்புக்கு முப்பது ஆண்டு என்று சொல்வது உண்மைதான். ஆனால் அனுபவ ஒத்தியில் அந்த முப்பது ஆண்டு ஒத்தி எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்காது. ஒத்திப் பணம் விளைச்சலிலிருந்து தீர்ந்த நாளிலிருந்தோ, கொடுக்கப்பட்ட அல்லது நீதிமன்றத்தில் செலுத்தப்பட்ட நாளிலிருந்தோதான் ஓடும் என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்த்திருக்கிறார்கள். பட்டா உடைமையை உண்டாக்கும் ஆவணமும் அல்ல. நாலாயிரம் ரூபாயைக் கொடுக்க முன்வந்து, வாங்க மறுத்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் செலுத்துங்கள்.

முதலில் மூலப் பத்திரத்தைப் பாருங்கள். அது உண்மையில் ஒத்தியாக இல்லாமல், கிரயம் ஒரு பத்திரமும் திரும்பக் கிரயம் செய்து கொடுக்கும் உடன்படிக்கை தனிப் பத்திரமுமாக இருந்தால், 1929-ஆம் ஆண்டின் திருத்தப்படி அது அடமானம் ஆகாது. மீட்பு அத்தோடு போய்விடும்.

ஒருபோகம் (மேலூர்)

மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். 2012-இல் என் மகன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அண்ணன் ஒன்றரை லட்சம் செய்தார். சீர்தான் என்று நான் வாங்கிக்கொண்டேன். இப்போது அவர், அது நிலத்துப் பணத்தில் உன் பங்கு, அத்தோடு தீர்ந்தது என்று சொல்லக்கூடும். இதைப் பிராதில் எழுத வேண்டாம், அவர் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில்.

தல்லாகுளம்

கட்டாயம் எழுதுங்கள் அம்மா. இந்த இழையில் நான் சொன்னவற்றில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். நேர்மையைக் கேட்டு வருபவர் கறைபடியாத கையோடு வர வேண்டும். செங்கல்வராய நாயுடு வழக்கில், தாமே எழுதிக் கொடுத்திருந்த விடுதலைப் பத்திரத்தை மறைத்து வழக்காடியவர் பெற்ற தீர்ப்பாணையை, நீதிமன்றத்தின் மீதே செய்த மோசடி என்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நீங்கள் மறைத்த பிறகு அவர் சொன்னால் உங்கள் டைரிப் பக்கத்தின் நம்பகமும் போய்விடும். தேதி, தொகை, எந்தச் சடங்கு என்பதை எழுதுங்கள். அது சீரா, பங்கா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும்; பங்கு என்றே முடிவானாலும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், உங்கள் உரிமை முழுதாக அழிந்துவிடாது. மொய் நோட்டு இருந்தால் தேடி எடுங்கள்; தாய்மாமன் வரிசையில் அந்தத் தொகை ஏறியிருந்தால் அதுவே பேசும்.

தாமதம் மட்டும் வேண்டாம். டிரஸ்டிக்கு எதிராகக் காலவரம்பே இல்லை என்ற காலவரையறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு வெளிப்படையாக உண்டாக்கிய டிரஸ்டுக்கே உரியது. உங்களுடையது சட்டம் சுமத்தும் கடமை. "உன் பெயர் எங்கே" என்று அவர் மறுத்த நாளைக் குறித்து வைத்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். அண்ணன் நால்வருக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை, பாகப்பிரிவினை, விற்கக் கூடாது என்ற உறுத்துக்கட்டளை ஆகிய மூன்றையும் ஒரே பிராதில் கேளுங்கள். இடைக்கால உத்தரவுக்கு முதல் தோற்றத்தில் வழக்கு, வசதிகளின் சமநிலை, ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். அக்கா குடியிருப்பது மூன்றுக்கும் உதவும். வாங்க இருப்பவருக்கு இன்றே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிராது தாக்கலான நாளிலிருந்து, சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே வாங்குவார்.

ஒருபோகம் (மேலூர்)

நடந்ததைத் தெரிவிக்கிறேன். பிராது தாக்கலாகி எண்ணும் ஆகிவிட்டது. ஒன்றரை லட்சத்தைப் பற்றி ஏழாம் பத்தியில் முழுதாக எழுதியிருக்கிறோம். மொய் நோட்டு அக்காவின் பரணில் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே, "தாய்மாமன் சீர்" என்று, அண்ணன் பெயருக்கு நேராக அந்தத் தொகை இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்ததும் வாங்க இருந்தவர் அக்காவின் வீட்டுக்கு நேரில் வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டார். டைரிப் பக்கத்தின் நகலைக் கொடுத்தோம்.

நானும் அக்காவும் வாதிகள். மகன் மேல் வாதியாக நிற்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். பாக வழக்கில் பங்குக்காரர் எல்லோரும் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்பதால், எங்கள் வக்கீல் அவரை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார். நேற்று அழைப்பாணை கொண்டுவந்த அமீனாவுக்கு மோர் கொடுத்துவிட்டு, அதே சிவப்பு டைரியின் கடைசிப் பக்கத்தில் பெயரை ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார்.